நல்வரவு மிதியடியில் தங்கம்

ஆற்றில் தங்கம் இருக்கிறது என்று மீட்டர்காரர் சொன்னது பச்சைப் பொய். ஆனால் சொல்லிவிட்டு அவர் வாயை மூடுவதற்குள், அவருடைய மச்சான் பழைய இரும்புக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, ரேடியோவை அணைத்து, மூலையில் கிடந்த ஓட்டை ஃபேனைக்கூட ஒட்டுக் கேட்கிறதோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டார்.

"மெதுவா சொல்லுங்க அத்தான். எங்க?"

"படித்துறை இருக்குல்ல, நான் தூண்டில் போடுற இடம். அதுக்கு நேர் கீழே."

"கண்ணால பாத்தீங்களா?"

"பளிச்சுன்னு ஒண்ணு மின்னுச்சு."

அதுவும் பொய். எதுவும் மின்னவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மீட்டர்காரர் தன் இடது கையைப் பார்த்தார். மோதிர விரலில் மோதிரம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த தோல் வளையம் ஒன்று மட்டும் இருந்தது. காலையிலிருந்து அவர் போன இடம் ஒன்றே ஒன்று, படித்துறை. எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவை உருட்டித் தூண்டிலில் கோர்த்து, வழுக்கும் கையால் ஓங்கி ஓங்கி வீசியிருந்தார். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் அதே பலகையில் உட்கார்ந்து அப்படி வீசுகிறார். பதினோரு வருடத்தில் ஒரு மீன்கூட அவரை மதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரின் எண்களைக் குறித்தவர் அவர். ஒரு எண்ணைத் தப்பாகக் குறித்ததில்லை, ஒரு பென்சிலைத் தொலைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரை மீட்டர்காரர் என்றே கூப்பிட்டது. அவருடைய மனைவியோ நேர்மாறு. மூன்று குடை, இரண்டு கைப்பை, ஒரு ஜோடி கண்ணாடி, ஒரு முறை ரயில் நிலையத்தில் தன்னையே தொலைத்தவள். ஒவ்வொரு தடவையும் மீட்டர்காரர் இடது கையை அவள் மூக்குக்கு நேராக நீட்டி, "இதைப் பாரு. முப்பத்துநாலு வருஷம். ஒரு நாள் கழண்டிருக்கா?" என்பார். அவள் பார்ப்பாள். "ம்ம்" என்பாள். அவ்வளவுதான்.

இப்போது அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அடுத்த ஞாயிறு திரும்பி வருகிறாள். வந்ததும் அந்த வெறும் விரலைப் பார்த்தால் முப்பத்துநாலு வருடக் குத்தலும் ஒரே மூச்சில் திரும்பி வரும். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது.

மோதிரம் சின்னது, ஆறு பெரியது. அடி மணலை உறிஞ்சி அலசிப் பார்க்க வேண்டும். அதற்கு டிரம் வேண்டும், குழாய் வேண்டும். அதெல்லாம் மச்சானிடம் இருந்தது. ஆனால் மச்சானிடம் உண்மையைச் சொன்னால் அது அரை மணி நேரத்தில் அக்காள் காதுக்குப் போய்விடும். ஆகவேதான் தங்கம்.

"அக்காகிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாது" என்றார் மீட்டர்காரர்.

"ஏன்?"

"அவளுக்கு... ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை என்னமோன்னு நினைச்சேன் அத்தான். பாதிப் பாதி. இன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்துடுறேன். ரகசியத்தைத் தனியா விட்டு வைக்கக் கூடாது."

இதுதான் முதல் பொய்க்குக் கிடைத்த முதல் பலன். ஒரு மோதிரத்தைத் தேடப் போனவர் ஒரு மச்சானைக் குடிவைத்துக்கொண்டார்.

மிதவை கட்டும் வேலை மூன்று நாள் நடந்தது. நாலு நீல பிளாஸ்டிக் டிரம். அவற்றில் முன்னொரு காலத்தில் சோப்புத் திரவம் இருந்ததால், தண்ணீர் பட்டால் நுரைக்கும். அவற்றின் மேல் தளம் போடப் பலகை போதவில்லை. மீட்டர்காரர் தன் வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றினார். துண்டு மாட்டும் கொக்கியோடு அது அப்படியே தளமானது. அன்று முதல் குளிப்பவர் வெளியே இருப்பவருக்கு எச்சரிக்கையாக உரக்கப் பாட வேண்டியதாயிற்று. மச்சானுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதிலும் முதல் வரிதான். மூன்று நாளில் அந்த ஒரு வரியைத் தெருவில் நாய்கள்கூட முணுமுணுத்தன.

உறிஞ்சுவதற்குப் பம்ப் வேண்டும். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரிலிருந்து பம்பைப் பிரித்து, புல் வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினோடு ஒரு பெல்ட்டால் இணைத்தார்கள். வீட்டில் குழாய்த் தண்ணீர் நின்றது, குளிக்கத் தெருக் குழாயிலிருந்து வாளியில் சுமந்தார்கள். பம்ப் ஆற்றுத் தண்ணீரை இழுத்து, கையளவு தடிமனுள்ள ஒரு குழாய்க்குள் ஊசிபோலப் பீய்ச்சும். அந்த வேகத்துக்குப் பின்னாலேயே அடி மணலும் கூழாங்கல்லும் குழாயில் ஏறி வரும். வருவதெல்லாம் ஒரு பழைய பீரோக் கதவின் மேல் சரிவாக ஓடும். சரிவில் ரப்பர் மிதியடிகளை விரித்து, குறுக்கே மரச் சட்டங்களை அடித்திருந்தார்கள். மணல் இலேசானது, தண்ணீரோடு ஓடிவிடும். தங்கம் கனமானது, சட்டத்தின் காலடியில் தங்கிவிடும். மச்சான் கடையில் கிடைத்த மிதியடிகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் அச்சடித்திருந்தது: நல்வரவு.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, சாப்டாச்சா?"

"ஆச்சு."

"இந்த நேரத்துக்கு மோட்டார் சத்தம் கேக்குமே. காணோம்?"

"தொட்டி ரொம்பிடுச்சு."

"யாரோ பாடுற சத்தம் கேக்குது."

"ரேடியோ."

"ஒரே வரியே வருது?"

"ரேடியோ ரிப்பேர்."

"ம்ம்" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை தூண்டிலுக்குப் போனீங்களா?"

"போனேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்த பிறகும் அந்தச் 'சும்மா' மீட்டர்காரரின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை காலை மிதவையை ஆற்றில் இறக்கினார்கள். அந்தப் பருவத்தில் ஆற்றின் மேல் பனி மூடினால் மத்தியானம் வரைக்கும் விலகாது. எதிர்க்கரை தெரியாது. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. படித்துறையின் பலகைகள் பத்தடி தூரம் போய், அதற்கப்புறம் உலகமே இல்லை என்பதுபோல வெள்ளையில் முடிந்துவிடும். துறையோரத்துக் கூண்டில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் ஒருத்தி எந்நேரமும் ஏதோ பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படகு நாளுக்கு இரண்டு தடவைதான். ஆள் வருவது அதைவிடக் குறைவு.

"என்ன அது?" என்றாள் அவள்.

"மிதவை" என்றார் மீட்டர்காரர்.

"மிதக்குறதுக்கெல்லாம் டிக்கெட் உண்டு. ரெண்டு பேரா?"

"ரெண்டு பேர்தான்."

அவள் பனிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "எனக்கு அதிகமாத் தெரியுது" என்றபடி இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

மச்சான் முதலில் ஏறினார். மச்சானின் உடம்பு சாதாரண உடம்பல்ல. எடை மேடையில் ஏறினால் முள் ஒரு சுற்று முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் நின்ற மூலை முங்கியது. எதிர் மூலையில் கால் வைத்திருந்த மீட்டர்காரர் கொடிக்கம்பம் ஏறுவதுபோல வானத்துக்குப் போனார். முங்கிய பக்கம் இன்னும் இரண்டு டிரம்மைக் கட்டினார்கள். உடனே மிதவை மறுபக்கம் சாய்ந்து, நுரை கக்கிக்கொண்டு தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. சுற்றாமலிருக்கத் துணி காயப்போடும் கயிற்றால் படித்துறைத் தூணில் கட்டினார்கள். இன்ஜினைக் கிளப்பியதும் தூண் வேரோடு ஆடியது.

ஆனாலும் ஓடியது! குழாய் ஒரு முறை விக்கியது, இருமியது. பிறகு ஆற்றின் அடியிலிருந்து கருப்பாக ஒரு வாந்தி ஏறி வந்து நல்வரவுகளின் மேல் பரவியது. மீட்டர்காரர் குழாயின் வாயை நீண்ட கழியால் தான் உட்காரும் பலகைக்கு நேர் கீழே நகர்த்தினார். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றபோது, குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர் இறங்குகையில் ஒரு சத்தம் வந்தது.

"ம்ம்ம்..."

மீட்டர்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். அது அவருடைய மனைவியின் 'ம்ம்' மாதிரியே இருந்தது.

மச்சான் கரைக்குப் பெட்ரோல் எடுக்கப் போன நேரம். மீட்டர்காரர் குனிந்து மிதியடிகளைத் தடவினார். மணல், ஒரு சிப்பி, துருப்பிடித்த ஆணி. இரண்டாவது சட்டத்தின் காலடியில், மிதியடியின் 'வ'வுக்குப் பக்கத்தில், ஒரு மோதிரம்.

எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினார். அவருடைய பெயரின் முதல் எழுத்து, அவளுடைய பெயரின் முதல் எழுத்து, கல்யாணத் தேதி. அவருடையதேதான்! விரலில் போட்டார். கொஞ்சம் இறுக்கம். தண்ணீரில் ஊறி விரல் வீங்கியிருக்கும். மீட்டர்காரருக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போலிருந்தது. மிதவையின் குணம் தெரிந்ததால் மனதுக்குள் குதித்துக்கொண்டார்.

"மச்சான்! போதும்பா. தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரிச்சிடலாம்" என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

பெட்ரோல் கேனோடு பனியைக் கிழித்துக்கொண்டு வந்தார் மச்சான். "என்னது? ஆறு டிரம் கொடுத்திருக்கேன், இன்ஜின் கொடுத்திருக்கேன், மூணு நாளா உங்க வீட்ல கதவில்லாம குளிச்சிருக்கேன். பத்தே நிமிஷத்துல தங்கம் இல்லைங்கறீங்க?"

"ஆத்து ராசி சரியில்ல மச்சான்."

"ஆத்துக்கு ஏது ராசி? தள்ளுங்க!"

இன்ஜின் மறுபடி அலறியது. மீட்டர்காரர் மோதிரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு பேச்சுக்குச் சரிவைப் பார்த்தார். சாம்பல் நிற மணல் ஓடி வடிந்தது. முதல் சட்டத்தின் காலடியில் ஒரு மோதிரம் கிடந்தது.

யாரோ தவறவிட்டது என்று நினைத்து எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். அவருடைய எழுத்து. அவளுடைய எழுத்து. அதே தேதி.

விரலைப் பார்த்தார். விரலில் மோதிரம் இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

"என்ன அத்தான், ஏதாவது கிடைச்சுதா?"

மீட்டர்காரர் மோதிரத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"அத்தான்?"

"ம்ஹும்."

மூன்றாவது மோதிரம் கூழாங்கல்லோடு உருண்டு வந்தது. வாயில் போட்டுக்கொண்டார். நாலாவது, ஐந்தாவது. ஆற்றின் அடியில் யாரோ உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் குழாயில் போடுவதுபோல, நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்தன. ஏழாவது வந்தபோது மீட்டர்காரருக்குக் கன்னம் இரண்டும் புடைத்து, கண் பிதுங்கியிருந்தது.

"ஏன் அத்தான் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ம்ம்ம்ம் ம்ம்."

"பல்வலியா?"

தலையை ஆட்டினார். ஆட்டியதில் வாய்க்குள் 'கிலுகிலு' என்று ஓசை கேட்டது. மச்சான் குழாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பல்வலி என்ற சாக்கில் அன்றைய வேலை நின்றது. கரையேறும்போது டிக்கெட் அம்மாள் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உங்களைப் பல வருஷமாப் பாக்குறேன். நீங்க தூண்டிலை வீசினா ஒரு சத்தம் கேக்கும், தக்கை விழுற சத்தம். சில ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு சத்தம் கேக்கும்."

மீட்டர்காரர் வாயைத் திறக்க முடியாமல் நின்றார்.

"ரெண்டாவது சத்தம் என்னன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல" என்றாள். "தெரிஞ்சிக்கவும் வேணாம்."

வீட்டுக்குப் போய், மச்சான் பாடிக்கொண்டே குளிக்கும் நேரம் பார்த்து, ஏழு மோதிரங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே தேதி. மீட்டரில் எண்களைச் சரிபார்த்த கண். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஆனால் அளவு ஒன்றல்ல. ஒன்று சின்னது, விரல் முட்டியைத் தாண்டாது. அடுத்தது ஒரு நூலளவு பெரிது. அதற்கடுத்தது இன்னும் ஒரு நூல். கடைசி ஒன்றுதான் வழுவழுவென்று விரலில் இறங்கி, நேற்றுவரை அங்கேயே இருந்ததுபோல உட்கார்ந்தது. ஆறு மோதிரங்களில் இலேசாகப் பச்சை படர்ந்திருந்தது. எல்லாவற்றிலும் சின்னது மட்டும் இன்றுதான் செய்ததுபோல ஜொலித்தது.

ஒரு விரல் வருடா வருடம் தடித்துக்கொண்டு போனதை யாரோ தண்ணீருக்கடியில் உட்கார்ந்து குறித்து வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்து அவர் மோதிரத்தைத் தொலைத்தது வாழ்க்கையில் ஒரே தடவை. அப்படியானால் மற்ற ஆறு யாருடையவை?

கண்ணை மூடினால் ஒரே காட்சி. பனிக்குக் கீழே, பச்சைத் தண்ணீரின் அடியில், ஏழு மீட்டர்காரர்கள் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்து மேல்நோக்கித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாமவன் ஒல்லி, தலை நிறைய முடி. ஏழாமவனுக்கு இவருடைய தொப்பை. எல்லோருடைய இடது கையிலும் ஒரு வெளுத்த வளையம்.

போன் அடித்தது. மீட்டர்காரர் நாற்காலியோடு துள்ளினார்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நான்... நான் எத்தனை வருஷமா நானா இருக்கேன்?"

"என்னது?"

"கல்யாணமானதுலேருந்து ஒரே ஆளாத்தானே இருக்கேன்?"

மறுமுனையில் சிணுங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ம்ம். வந்து பேசிக்கலாம். கொஞ்சம் தூங்குங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பனியோடு பனியாகப் படித்துறைக்குப் போனார். ஆற்றிலிருந்து எடுத்ததை ஆற்றுக்கே கொடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை. விரலுக்குச் சரியாக இருந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக விட்டெறிந்தார். ஒவ்வொரு 'ப்ளக்'குக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆறாவது விழுந்த பிறகு பனிக்குள்ளிருந்து டிக்கெட் அம்மாளின் குரல் வந்தது.

"ஓ! அந்தச் சத்தம்தானா?"

மீட்டர்காரர் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பிரச்சினை என்னவென்றால், தங்கவெறி பிடித்தவனுக்குத் தூக்கமும் கிடையாது, பல்வலிக்கு இரக்கமும் கிடையாது. சனிக்கிழமை காலை அவர் கண் விழித்தபோது வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. மச்சான் தனியாகவே மிதவைக்குப் போய்விட்டிருந்தார். மீட்டர்காரர் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மச்சானின் செருப்புமாகப் படித்துறைக்கு ஓடினார். பனிக்குள் இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. "ம்ம்ம்..." என்றது குழாய்.

பனியிலிருந்து மச்சான் வெளியே வந்தார். முழங்கால்வரை நுரை. உள்ளங்கையை விரித்தார். ஆறு மோதிரம்.

"நான் படிச்சேன்" என்றார் மச்சான். "எல்லாத்துலயும் உங்க பேரெழுத்து இருக்கு."

"மச்சான், நான் சொல்றதைக் கேளு..."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எங்க அக்காவைத் தவிர ஆறு பேரா?"

"ஐயோ! அக்கா பேரும் அதுலயே இருக்கே, பாரு!"

மச்சான் குனிந்து மறுபடி படித்தார். உதடு அசைந்தது. "ஆமா. அக்கா பேரு. தேதியும் அதேதான்." நிமிர்ந்தார். "எங்க அக்காவையே ஆறு தடவை கல்யாணம் பண்ணீங்களா? ஒரே நாள்லயா?"

"பைத்தியமா உனக்கு? அன்னைக்கு நீதானே பந்தியில முதல் ஆளா உக்காந்திருந்தே!"

"அதான் யோசிக்கிறேன். நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மேடையில என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல." மச்சான் ஒரு அடி பின்வாங்கினார். "அத்தான், இந்த மோதிரத்துல ஒண்ணாவது மனுஷன் போட்டதா? நான் அக்காகிட்ட சொல்லித்தான் ஆகணும். ஏதோ ஒண்ணு எங்க அக்காவைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டிருக்கு."

"சொல்லாதே! கெஞ்சிக் கேக்குறேன்."

"அப்ப இது என்னன்னு எனக்குத் தெரியணும். இதைச் செஞ்சவன் யாரு?"

அப்போதுதான் மீட்டர்காரருக்கே உறைத்தது. மோதிரம் என்றால் அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார். ஆற்றைக் கேட்பதைவிட அவரைக் கேட்பது மேல்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம். கடைத்தெருவில் பாதிக் கதவு திறந்திருந்த நகைப் பட்டறைக்குள் இருவரும் நுழைந்தார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. ஊதுகுழாயின் நீல நாக்கு ஒன்று மட்டும் மூலையில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நகைக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அந்தக் கண் கோழி முட்டையளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மீட்டர்காரரைப் பார்த்ததும் அது இன்னும் பெரிதாயிற்று. பார்வை நேராக அவருடைய இடது கைக்குப் போனது.

"நீங்களா!" என்றார் நகைக்காரர், ஏதோ செத்தவர் எழுந்து வந்ததைப்போல. "நீங்க இங்க வரவே கூடாதே."

மீட்டர்காரர் வாசல் பக்கம் சாய்ந்தார். மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தானைத் தாங்குவதற்கா, தான் விழாமலிருப்பதற்கா என்று சொல்வதற்கில்லை.

விரலில் இருந்ததையும் கழற்றி, ஏழையும் பலகையில் வைத்தார் மீட்டர்காரர். மோதிரங்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டு, அளவு வரிசையில் நின்றதுபோல அடங்கின.

நகைக்காரர் ஒவ்வொன்றையும் லென்ஸுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றிலும் சின்னதை, பளபளவென்று மின்னியதை, இடுக்கியால் எடுத்தார். "உங்க கல்யாணத்துக்கு எங்கப்பா செஞ்சது இது. சுத்தத் தங்கம், அதான் பச்சை பிடிக்கல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஆத்துல போச்சுன்னாங்க."

"யாருங்க சொன்னது?" என்றார் மச்சான்.

நகைக்காரர் மற்றவற்றை இடுக்கியால் ஒதுக்கினார். "மத்த ஆறும் பித்தளை. மேல முலாம்" என்றார்.

"அதைத்தான் கேக்குறேன்" என்றார் மீட்டர்காரர். "நான் தொலைச்சது ஒரே தடவைதான். போன ஞாயித்துக்கிழமை. அந்த ஆறும் எந்த விரல்லேருந்து விழுந்துச்சு?"

நகைக்காரர் லென்ஸைக் கழற்றினார். எழுந்து, சுவரோரமாகப் போய் ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டு நூல் சுருண்டு கிடந்தது. அதன் நடுவில் புத்தம் புதிதாக ஒரு மோதிரம். அதைக் கொண்டுவந்து ஏழின் கடைசியில், எட்டாவதாக, மெதுவாக வைத்தார். அதன் உள்பக்கத்தில் அதே எழுத்து, அதே தேதி.

மச்சான் "அக்கா!" என்று அலறினார்.

"கத்தாதீங்க தம்பி, சொல்றேன்" என்றார் நகைக்காரர். "நான் சொன்னேன்னு மட்டும் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்: ஒவ்வொரு தடவை நீங்க வெறும் விரலோட தூண்டில்லேருந்து வரும்போதும், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு, நீங்க தூங்கினதும் நூலால விரலை அளந்து இங்க வாங்கிட்டுப் போய், விடியறதுக்குள்ள மாட்டி விட்டுடுவாங்க, ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே அளவு நூலைக் கொடுத்து அடுத்ததையும் செய்யச் சொல்லிட்டாங்க, இந்த ஒரு வாரம்தான் மாட்டி விட அவங்க ஊர்ல இல்ல."